இளைத்துப்போனவள்

இந்த மேசை தேக்கு இல்லை. மேலே தேக்கு நிறத்தில் மெல்லிய ஏடு ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மூலையில் அது பெயர்ந்து உள்ளே மரத்தூள் பலகை தெரிகிறது. இங்கே உட்கார்ந்து பதில் சொன்ன யாரோ நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

அந்த அறைக்குள் போய் உட்கார்ந்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கே போனாலும் முதலில் பொருளைப் பார்ப்பதும் அப்புறம் ஆளைப் பார்ப்பதும் தொழில் கொடுத்த பழக்கம். ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த மனிதர். சுவரோரம் அவள், சிலைகளின் சொந்தக்காரரான பெரியவரின் மகள்.

"தண்ணி வேணுமாம்மா?" என்றார் அதிகாரி.

"வேண்டாம் சார். ஆரம்பிக்கலாம்."

"ஏலக்காரம்மாவுக்கு அவசரம்," என்றாள் சுவரோரத்திலிருந்து. "அடுத்த வீட்டைத் துடைக்கப் போகணுமில்ல."

அதிகாரி அவளைக் கையமர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, சங்கடத்தோடு சொன்னார். "சிலைங்க திரும்பி வருமா வராதாங்கறதப் பத்தி இவங்க கவலைப்படலை. அப்பாவுக்குப் புத்தி கெடலைன்னு உங்க வாயால வரணுமாம். அதுக்குத்தான் வந்து உட்கார்ந்திருக்காங்க."

"நடந்ததைச் சொல்றேன் சார்," என்றேன்.

நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

ஏல நிறுவனத்தில் ஆசியச் சிற்பங்களின் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. வெண்கலம், கல், மரம், சுடுமண் என்று எது வந்தாலும் என் மேசைக்கு வந்துதான் மேடைக்குப் போகும். எந்தக் காலத்தது, எந்தப் பக்கத்து வேலை, எங்கே உடைந்து எங்கே ஒட்டப்பட்டது என்று பார்த்து எழுதுவேன். அதற்கு நிலை அறிக்கை என்று பெயர். 'இடது கையில் பழைய ஒட்டு. மூக்கு நுனியில் சேதம். வயதுக்கு ஏற்ற தேய்மானம்.' அழகாக இருக்கிறது, பாவமாக இருக்கிறது என்றெல்லாம் அதில் எழுத முடியாது. கண்ணால் கண்டதை மட்டும்தான் எழுத வேண்டும். என் கையெழுத்து கீழே இருந்தால் வாங்குகிறவர்கள் யோசிக்காமல் கை தூக்குவார்கள். அந்தப் பெயரை நான் சும்மா சம்பாதிக்கவில்லை.

பெரியவர் எங்களிடம் நெடுங்காலமாக வாங்கியவர். அச்சு மை வியாபாரத்தில் வந்த பணத்தை எல்லாம் சிலைகளில் போட்டார். மனைவி போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவரும் சிலைகளும் ஒரு சமையல்காரரும் மட்டும். மகள் ஊரின் மறுகோடியில் கணவன், குழந்தைகளோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். அப்பாவின் சிலைகளை அவள் 'பொம்மைங்க' என்பாள். அது அவள் விருப்பம், நான் குறை சொல்லவில்லை.

பெரியவருக்குக் கண் நரம்பு வாடிக்கொண்டே வந்தது. முதலில் நடுவில் இருட்டியது, பிறகு ஓரங்களும். ஏலக் கூடத்துக்கு வந்தால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். எதிரில் வருகிற எல்லாரிடமும், "இவதான் இப்ப என் கண்ணு," என்பார். கேட்டவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், எனக்கு ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி. அவரவர் கண்ணிடம் யார் நன்றி சொல்கிறார்கள்? கண்ணுக்குக் கால் வலிக்குமா என்று யார் கேட்கிறார்கள்?

அந்த அம்மன் சிலையைக் கண்டுபிடித்தது நான். ஒரு வீட்டைக் காலி செய்தபோது பழைய பாத்திரங்களோடு கரி பிடித்துக் கிடந்தது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பை ஒசித்து, பூ ஒன்றைப் பிடித்திருந்த மாதிரி வலது கையை மடித்து நிற்கிறாள். இடது கை இடுப்பை ஒட்டித் தொங்குகிறது. கைக்கும் இடுப்புக்கும் நடுவில் காற்று மட்டும் புகுந்து போகிற மாதிரி ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் இது யார் கை வேலை என்று எனக்குப் பிடிபட்டது. பெரியவரிடம் சொன்னேன், வாங்கினார். அப்புறம் வருகிற போகிறவர்களிடம் எல்லாம், "குப்பையில கிடந்தா, நான்தான் கண்டுபிடிச்சேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே நின்றிருப்பேன்.

இதற்காகப் பழி வாங்கினேன் என்று எழுதிவிட வேண்டாம் என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன். அப்படி இல்லை. காரணம் எளிமையானது. வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்று அந்த வீட்டில் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டார்கள். அத்தனை அழகும் இருட்டில் நின்றது. பார்க்க முடியாதவர் ஒருவர், பார்க்க விருப்பமில்லாத மகள் ஒருத்தி. வெளியே பார்க்கத் தெரிந்தவர்கள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். சேர வேண்டிய இடத்துக்குச் சேர்த்தேன்.

வழி கஷ்டமானதில்லை. வெண்கலத்தில் ஈரம் ஏறினால் பச்சைப் பொடி பூக்கும், விட்டால் அரித்துவிடும். மழை முடிந்ததும் சிலைகளை நான் எடுத்துப்போய்ச் சுத்தம் செய்து கொண்டுவருவது வழக்கமாகவே இருந்தது. எடுத்துப் போனதை வைத்துக்கொண்டு, அதிலிருந்து அச்செடுத்து வார்த்ததைத் திருப்பிக் கொடுத்தேன். சின்னச் சின்னச் சிலைகளில் தொடங்கினேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏலப் பட்டியலில் 'ஒரு பழைய குடும்பத்தின் சேகரிப்பிலிருந்து. உரிமையாளர் பெயர் வெளியிடப்படவில்லை' என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

அம்மனுக்கு அச்செடுத்த அன்று வார்ப்புப் பட்டறைக்காரர் என்னை எச்சரித்தார். "எவ்வளவு சுத்தமா எடுத்தாலும் உலோகம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும்மா. அச்சுலேருந்து வர்ற பிள்ளை அம்மாவைவிட ஒரு இழை சின்னதாத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

"பார்க்கப் போறவருக்கு எதுவுமே தெரியாதுண்ணா," என்றேன்.

சிரித்தார். ஆனாலும் நான் கவனக்குறைவாக இருக்கவில்லை. யாராவது அளந்து பார்த்தால்? பீடத்தை மட்டும் அந்த இழை அளவுக்கு உயர்த்தச் சொன்னேன்.

கொண்டுபோய் வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் சாப்பாட்டு மேசையில் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் எழுந்து வந்து, எப்போதும் போல உச்சியிலிருந்து தடவிக்கொண்டே இறங்கினார். இடுப்புக்கு வந்ததும் கை நின்றது.

"ஆள் இளைச்சுட்டாளே," என்றார்.

"வெண்கலம் இளைக்குமாப்பா?" என்றாள் மகள். "எப்படின்னு கேட்டுச் சொல்லுங்க, நானும் இளைச்சுக்கறேன்."

எல்லாரும் சிரித்தோம். பெரியவரும் சிரித்தார். ஆனால் கை அங்கேயே இருந்தது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு என்பதை நான் கவனித்திருக்கவில்லை. தினமும் காலையில் அந்த இடைவெளிக்குள் சுண்டுவிரலை விட்டு எடுப்பாராம். தடையில்லாமல் போய் வருமாம். இப்போது மாட்டுகிறது என்றார். மறுவாரமும் அதையே சொன்னார். மகள் தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்து வந்து அடியிலிருந்து முடிவரை அளந்தாள். வாங்கிய அன்று எழுதி வைத்த உயரம் அப்படியே இருந்தது.

"வயசானா விரல் வீங்கும் ஐயா," என்றேன்.

அவர் உடனே கையை நீட்டினார். "மோதிரத்தைப் பாரு."

மோதிரம் விரலில் நிற்கவில்லை. கழன்று விழாமல் இருக்க நூல் சுற்றிப் போட்டிருந்தார்.

"விரல் வீங்கினா மோதிரம் ஏம்மா கழலுது?"

நான் சிரித்துச் சமாளித்தேன். மகள், "அப்பா, வந்தவங்களை நிக்க வெச்சு வம்பு பண்ணாதீங்க," என்றாள்.

அந்த வாரம் அவர் மகளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்: வேறு யாரையாவது கூட்டிவந்து காட்டு, இவளுக்குத் தெரிய வேண்டாம். அவள் உடனே எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அப்பா உங்களையே சந்தேகப்படற மாதிரி பேசறாரு. எனக்கே கூச்சமா இருக்கு. என்னக்கா பண்ணலாம்?"

இதைச் சொல்லும்போது நான் சுவரோரம் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் போனை வேறு யாருக்குச் செய்திருந்தாலும் நான் அன்றே மாட்டியிருப்பேன். அவள் எனக்குத்தான் செய்தாள்.

"சோதிச்சுப் பார்த்துடுவோம்," என்றேன் அவளிடம். "உங்க சிலையிலேருந்தே அச்செடுத்துப் புதுசா ஒண்ணு வார்க்கச் சொல்றேன். பட்டறைச் சூடு ஆறாம கொண்டுவரேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெப்போம். அப்பாவுக்கு எது எதுன்னு சொல்லக் கூடாது. அவரு கை சரியாச் சொன்னா நீங்க சொல்றவரையே கூப்பிடுவோம். தப்பாச் சொன்னா டாக்டரைப் பார்ப்போம்."

"நீங்க எவ்வளவு பொறுமையா இருக்கீங்க அக்கா," என்றாள்.

அச்செடுக்க என்று வீட்டிலிருந்ததை இரண்டு நாள் எடுத்துப்போய், எதுவும் வார்க்காமல் திருப்பிக் கொடுத்தேன். அசல் அம்மன் அப்போது எங்கள் கிடங்கில் இருந்தாள். ஏலத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அவளுக்குப் புது மெழுகு பூசி, வார்த்த மண் ஒட்டியிருப்பது போல மடிப்புகளில் கொஞ்சம் செம்மண்ணையும் தேய்த்து, வைக்கோல் அடைத்த பெட்டியில் எடுத்துப்போனேன். மகளும் மருமகனும் முற்றத்தில் காத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"அப்படியே இருக்கே!" என்றார் மருமகன்.

"போன வாரம் வார்த்தது," என்றேன்.

வீட்டிலிருந்த நகலையும் நான் கொண்டுபோன அசலையும் மேசையில் வைத்தோம். பெரியவரைக் கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்தேன். நகலைத் தொட்டதும் உதட்டைப் பிதுக்கினார். அடுத்ததைத் தொட்டார். தோளில் இறங்கி, முழங்கையைத் தாண்டி, சுண்டுவிரலை அந்த இடைவெளியில் விட்டார். விரல் போய் வந்தது. இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். அவர் முகம் விரிந்தது. அப்படி ஒரு முகத்தை நான் இதுவரை எந்தச் சிலையிலும் பார்த்ததில்லை.

"இவதான்," என்றார். "வந்துட்டாளே. எங்கேடி போயிருந்தே?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போன வாரம் பட்டறையில் செய்த பொம்மையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் கொஞ்சிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அவர்கள் கண்ட காட்சி. அவர் சரியாகச் சொன்னார். ஏலக் கூடத்தில் அதைவிடச் சுத்தமாக யாரும் அடையாளம் சொல்லி நான் கேட்டதில்லை. இதையும் அதிகாரி எழுதிக்கொண்டார்.

மகள்தான் அவரிடம் சொன்னாள். பக்கத்தில் மண்டியிட்டு, குழந்தைக்குச் சொல்வது போல. "அப்பா, அது புதுசுப்பா. இப்பத்தான் செஞ்சு கொண்டுவந்தது. உங்களோடது இந்தப் பக்கம் இருக்கு. இத்தனை நாளும் இருந்ததுதாம்ப்பா."

அவர் சிலையைக் கீழே வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, தெரியாத கண்ணால் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப என் கை பொய் சொல்லுதாம்மா?"

"கைக்கும் வயசாகுமில்ல ஐயா," என்றேன்.

அவர் தலையாட்டினார். என் பேச்சை அவர் எப்போதும் ஏற்றுக்கொள்வார்.

பெட்டியை மூடும் சத்தம் கேட்டதும், "அவளைக் கொண்டுபோகாதே," என்று எழுந்தார். மகள் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்து, "எடுத்துட்டுப் போயிடுங்க அக்கா, இது இங்க இருந்தா இன்னும் குழம்புவாரு," என்றாள். கனமான பெட்டி. காரின் பின் இருக்கையில் ஏற்ற அவளே ஒரு கை கொடுத்தாள்.

இதைச் சொன்னபோது சுவரோரத்திலிருந்து அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அதிகாரிதான் எழுதுவதை நிறுத்திவிட்டு நீண்ட நேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேல சொல்லுங்க," என்றார். அதற்கப்புறம் அவர் என்னை அம்மா போட்டுக் கூப்பிடவில்லை.

மேலே சொல்ல அதிகம் இல்லை. அம்மன் நல்ல இடத்துக்குப் போனாள். கூடமே எழுந்து கை தட்டியது. பெரியவர் அதற்குப் பிறகு என்னிடம் சண்டை போடவே இல்லை. அவருக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. போனது சிலையோடு நிற்கவில்லை. நாற்காலி மாறிவிட்டது என்றார். தலையணை தன்னுடையதில்லை என்றார். காபி டம்ளரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நகல்," என்று தள்ளி வைத்தார். சமையல்காரர் பயந்துபோய் வேலையை விட்டார். நான் வாரம் தவறாமல் போய்ப் பார்த்தேன். வேறு யார் போனார்கள்?

ஒருநாள் மகள் அவருக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். நானும் இருந்தேன். அவர் திடீரென்று அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நெற்றி, புருவம், மூக்கு என்று தடவிக்கொண்டே வந்து காதுமடலில் நிறுத்தினார்.

"நல்ல வேலைப்பாடு," என்றார் மரியாதையாக. "யார் செஞ்சது? ஆனா என் பொண்ணு இல்ல."

அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று அதிகாரி கேட்டார். நிம்மதி என்றேன். அதுவரை எனக்கும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது, நல்ல மனிதரை வீணாகக் குழப்பிவிட்டோமோ என்று. அன்றோடு அது போனது. அவருக்கு உண்மையாகவே நோய் இருந்திருக்கிறது. நான் கொஞ்சம் முன்னாலேயே கண்டுகொண்டேன், அவ்வளவுதான்.

பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். நல்ல இடம், நான்தான் விசாரித்துச் சொன்னேன். அங்கே அவர் எதையும் தொடுவதை விட்டுவிட்டார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஊட்டினால் சாப்பிடுவார். நான் போய், "ஐயா, நான் வந்திருக்கேன்," என்றால், "அப்படியா," என்பார். அப்படியே முடிந்துபோனார். மனநிலை பிறழ்ந்தவர் என்று அங்கே எழுதிவைத்திருந்தார்கள். பார்த்துக்கொள்ளச் சொல்லி மகள் கொடுத்த வீட்டுச் சாவி என்னிடமே இருந்தது. மிச்சமிருந்த சிலைகளை மாற்றுவதில் சிரமம் இல்லை.

மாட்டிக்கொண்டதற்கு மருமகன் காரணம். எல்லாவற்றையும் விற்கிற பேச்சு வந்தபோது, இன்னொரு நிறுவனத்திலும் காட்டிப் பார்ப்போமே என்றிருக்கிறார். வந்தவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் புதுசு என்று சொல்லியிருக்கிறார். மகள் அவரிடம், "சார், வெண்கலம் இளைக்குமா?" என்று கேட்டாளாம். "அச்செடுத்து வார்த்தா இளைக்குமே," என்றாராம் அவர். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

அதிகாரி தாள்களை அடுக்கி என் முன்னால் வைத்தார். படித்தேன். ஓர் இடத்தில் 'செம்பு' என்று எழுதியிருந்ததை 'வெண்கலம்' என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார். பேனாவை எடுத்தேன்.

"இருங்க," என்றாள் அவள். எழுந்து மேசைக்கு வந்தாள். கிட்டத்தில் பார்க்கும்போது அவளுக்கு அப்பாவின் அதே தாடை. "கடைசியில ஒரு வரி சேருங்க சார். எங்கப்பா தெளிவாத்தான் இருந்தாரு. அவரு புத்திக்கு ஒண்ணும் ஆகலை. இவ தெரிஞ்சேதான் அவரைப் பைத்தியம்னு ஆக்கினா."

அதிகாரி என்னைப் பார்த்தார். "சேர்த்துடலாமா? உங்களுக்கும் நல்லதுதான். வருத்தப்படறீங்கன்னு நீதிபதி எடுத்துக்குவாரு."

"சிலை விஷயத்துல அவர் சொன்னது சரின்னு எழுதியிருக்கே சார்."

"நான் சிலையைக் கேக்கலை," என்றாள். "அக்கா அக்கான்னு உன் பின்னாடியே சுத்தினேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். எங்கப்பாவை நானே கொண்டுபோய் அங்க விட்டேன். அவரு தெளிவா இருந்தாருன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உன் வாயால சொல்லிடு. நான் போயிடறேன். உன்னைச் சபிக்கக்கூட மாட்டேன்."

நான் யோசித்தேன். இரக்கமில்லாமல் யோசித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பெற்ற மகளின் முகத்தைத் தடவிவிட்டு, நல்ல வேலைப்பாடு என்று சொன்ன ஒருவரை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது எப்படி வந்தது என்பது வேறு விஷயம். உடைந்திருப்பதைப் பார்த்தால் உடைந்திருக்கிறது என்றுதான் எழுத முடியும், உடைத்தவர் யாராக இருந்தாலும்.

பேனாவை மூடி, தாள்களின் மேல் வைத்து, அதிகாரியின் பக்கமாக மெதுவாகத் தள்ளினேன்.

"அந்த வரி வேண்டாம் சார்," என்றேன். "திருடின்னு எழுதிக்கோங்க, போட்டுத் தரேன். பொய்யில கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்ல."